சான்றிதழில் அச்சாகாத மதிப்பெண்கள்



தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்குகிறது. உற்றார் உறவினர்க்கு இனிப்பு வழங்குகிறோம். பட்டம் பெற்ற பிள்ளையின் நிழற்படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டுகிறோம். ஓராண்டு கழிகிறது; ஈராண்டு கழிகிறது. நேர்முகத் தேர்வுக்குப் போன பிள்ளை வாடிய முகத்தோடு திரும்புகிறான். "என்னப்பா கேட்டார்கள்?" என்று உம்மா ஆவலோடு வினவுகிறார். "பாடத்தில் அதிகம் கேட்கவில்லை உம்மா. நீயாகப் பொறுப்பெடுத்துச் செய்து முடித்த வேலை ஏதேனும் உண்டா, ஒருவரோடு கருத்து வேறுபட்டபோது என்ன செய்தாய் என்றெல்லாம் கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்கிறான் பிள்ளை.

இந்த உரையாடல் இன்று எத்தனையோ இல்லங்களில் நிகழ்கிறது. பதினைந்து ஆண்டுகள் படிக்க வைத்தோம். கடன்பட்டும் நகை விற்றும் கட்டணம் செலுத்தினோம். அவ்வளவும் செய்தபின், பாடநூலில் இல்லாத கேள்விகளைக் கேட்டு அனுப்பிவிடுகிறார்களே என்று பெற்றோர் மனம் குமுறுகின்றனர். அந்தக் குமுறல் நியாயமானதே. ஆயினும் அந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன என்பதை நாம் அறிந்துகொண்டால், விடையை எங்கே தேட வேண்டும் என்பதும் விளங்கிவிடும். இம்மாதம் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பிணை நின்ற ஒரு சொல்

நம் முன்னோர் காலத்தில் வேலைக்கு ஆள் எடுத்த முறையை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் இருந்து இளைஞர்கள் கப்பலேறினர். கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று எங்கு சென்றாலும் அங்கே ஊர்க்காரர் ஒருவரின் கடை இருக்கும். அவர்களுள் பலரிடம் விண்ணப்பமும் இல்லை, சான்றிதழும் இல்லை. "இன்னாரின் மகன், நல்ல பிள்ளை, நம்பி வைத்துக்கொள்ளலாம்" என்று ஊர்ப்பெரியவர் சொல்லிய ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு அவர் தம் மானத்தையே பிணையாக வைத்தார். பையன் கல்லாப்பெட்டியில் கை வைத்தால் அவமானம் அவனுக்கு மட்டுமன்று. பரிந்துரைத்தவருக்கும், பெற்றவருக்கும், ஏன், ஊருக்கே வந்து சேரும்.

கவனியுங்கள்! அன்றைய முதலாளியும் குணத்தையே தேடினார். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவர் பையனிடம் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. பையன் பிறந்தது முதல் அவனைக் கண்டவர்கள் சாட்சியாக இருந்தனர்.

இன்று வேலை அளிப்பவர் முன்பின் அறியாதவர். சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ ஒரு மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் இருப்பது ஒரு தாளும் அரைமணி நேரமும்தான். இருபது ஆண்டுகளில் உருவான ஒரு குணத்தை அந்த அரைமணிக்குள் அவர் எடைபோட்டாக வேண்டும். அவர் கேட்கும் விந்தையான கேள்விகளுக்கெல்லாம் காரணம் இதுவே. ஊரார் அளித்த சாட்சியத்தை இப்போது பிள்ளை தானே அளிக்க வேண்டியிருக்கிறது.

நான்கில் மூன்று பங்கு

ஒருவரை வேலைக்குத் தேரும்போது அறிவோடு குணத்தையும் நாட வேண்டும் என்பது புதிய கருத்தன்று. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்கள் இதற்கென்றே உள்ளன. பணிக்கு உரியவரிடம் இருக்க வேண்டியவையாக வள்ளுவர் ஓரிடத்தில் நான்கைக் குறிப்பிடுகிறார். அவற்றுள் அறிவு ஒன்று. ஏனைய மூன்றும் அன்பு, ஐயமின்றி முடிவெடுக்கும் தெளிவு, பேராசையின்மை ஆகியவை.

இருபதாம் நூற்றாண்டில் இதையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை ஒன்றின் சார்பில் சார்லஸ் ரிபோர்க் மான் என்பவர் பொறியியற் கல்வியை ஆராய்ந்து 1918-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். நல்ல பொறியாளராவதற்கு எவையெவை எந்த அளவுக்குத் தேவை என்று அவர் பொறியாளர்களிடமே கேட்டார். 7,000-க்கும் மேற்பட்டோர் விடை அனுப்பினர். நூற்றுக்குக் கணக்கிட்டபோது ஒழுக்கத்திற்கு 24, சீர்தூக்கி முடிவெடுக்கும் ஆற்றலுக்கு 19.5, செயல்திறனுக்கு 16.5, மனிதர்களைப் புரிந்துகொள்வதற்கு 15, அடிப்படை அறிவுக்கு 15, தொழில் நுணுக்கத்திற்கு 10 என்று வந்தது. முதல் நான்கையும் கூட்டிப் பாருங்கள்; 75 வரும். இரும்பையும் நீராவியையும் கையாளும் தொழிலைப் பற்றி, அத்தொழிலில் இருப்பவர்களே அளித்த தீர்ப்பு இது!

நம் காலத்திற்கு வருவோம். உலகப் பொருளாதார மன்றம் 55 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 1,000-க்கும் மேற்பட்ட பெரிய நிறுவனங்களிடம் கேட்டறிந்து, வேலைகளின் எதிர்காலம் குறித்த அறிக்கையை 2025 ஜனவரியில் வெளியிட்டது. பகுத்தாய்ந்து சிந்திக்கும் திறன் இன்றியமையாதது என்று பத்தில் ஏழு நிறுவனங்கள் கூறின. அதற்கு அடுத்த இடம் எதற்கு என்று எண்ணுகிறீர்கள்? இடர் வந்தால் துவளாமல் மீண்டெழுவதும், மாறும் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதும் ஆகிய குணத்திற்கே அந்த இடம். கணினியும் செயற்கை அறிவும் ஓங்கிவரும் காலத்தில்தான் இந்த முடிவும் வந்திருக்கிறது.

அப்படியானால் படிப்பு வேண்டாவா என்று கேட்காதீர்கள். வேண்டும். படிப்பு வாயிற்கதவைத் திறக்கும் சாவி. மருந்தாளுநர் வேலைக்கு மருந்தைப் பற்றி அறியாதவரை எவரும் அழைக்கமாட்டார். ஆனால் ஒரே வேலைக்கு ஒரே பட்டத்தோடு நாற்பது பேர் வந்து நிற்கும்போது, பட்டம் அவர்களைப் பிரித்துக் காட்டாது. அங்கிருந்துதான் குணத்தின் வேலை தொடங்குகிறது.

வாயுள்ள பிள்ளை மட்டுமா பிழைக்கும்?

'வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்' என்று நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. இதனால் கலகலப்பாகப் பேசும் பிள்ளையைக் குறித்து நாம் கவலைப்படுவதில்லை; அமைதியான பிள்ளையைக் கண்டால் "இவன் எப்படித்தான் பிழைக்கப்போகிறானோ!" என்று அவன் காதுபடவே பெருமூச்சு விடுகிறோம்.

இந்த எண்ணம் சரிதானா? முர்ரே பேரிக், மைக்கேல் மவுண்ட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தொழில் வல்லுநர், காவலர், மேலாளர், விற்பனையாளர், கைத்திறன் தொழிலாளர் என ஐந்து வகைப் பணியாளர்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். கலகலப்பாகப் பழகும் இயல்பு மேலாளருக்கும் விற்பனையாளருக்கும் துணை செய்தது. ஆனால் ஐந்து வகைப் பணிகளிலும் தவறாமல் துணைநின்ற குணம் வேறொன்று. எடுத்த வேலையைப் பொறுப்போடும் ஒழுங்கோடும் விடாமுயற்சியோடும் முடிக்கும் இயல்பே அது. அந்தக் குணம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. எந்த வேலையாயினும் பயன்படும் குணம் அது என்றே கண்டனர்.

அமைதியான பிள்ளையைப் பெற்றவர்களே, மனம் தளராதீர்கள்! உங்கள் பிள்ளை தொடங்கிய வேலையை முடிக்கிறானா, சொன்ன சொல்லைக் காக்கிறானா என்று மட்டும் பாருங்கள். சரளமாகப் பேசும் பிள்ளையைப் பெற்றவர்களும் இதையே பாருங்கள்.

முதலாளியின் இடத்தில் அமர்ந்து பாருங்கள்

நீங்களே ஒரு கடை நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்ல வேண்டும். கடையை ஒருவரிடம் விட்டுச் செல்ல வேண்டும். யாரிடம் விடுவீர்கள்? சிறிய கடையாயினும் பெரிய நிறுவனமாயினும் முதலாளியின் மனத்தில் எழும் கேள்வி இதுதான்: 'நான் இல்லாதபோது இவர் எப்படி இருப்பார்?'

இந்தக் கேள்விக்குள் முதலில் அடங்குவது அமானத். நம் இல்லங்களில் புழங்கும் இச்சொல்லைப் பணத்தோடு மட்டும் நிறுத்திவிடக் கூடாது. அலுவலக நேரம் அமானத். வாடிக்கையாளரின் தொலைபேசி எண் அமானத். நிறுவனத்தின் இரகசியமும் அமானத். விண்ணப்பத்தில் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுபவர், உள்ளே நுழையும் முன்பே இந்த அமானத்தை முறித்துவிடுகிறார். இன்று பல நிறுவனங்கள் முன்னர் வேலை செய்த இடத்தில் விசாரித்த பிறகே ஆணை வழங்குகின்றன. வேலையில் சேர்ந்தபின் பொய் வெளிப்பட்டு வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு.

இரண்டாவது, நேரம். பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்தே காலுக்கு வந்து "பேருந்து கிடைக்கவில்லை" என்பவரிடம் முதலாளி காண்பது பேருந்தின் குறையை அன்று. நாளை ஒரு சரக்கு லாரி காத்துக்கொண்டிருக்கும்போதும் இவர் இப்படித்தான் வருவார் என்று கணக்கிட்டுக்கொள்கிறார்.

மூன்றாவது, காது கொடுத்துக் கேட்கும் பண்பு. கேள்வி முடியும் முன்பே விடை சொல்லத் தொடங்குபவர் பலர். கேட்டதை முழுமையாக வாங்கிக்கொண்டு, புரியாவிட்டால் "இதைத்தான் கேட்கிறீர்களா?" என்று தெளிவு பெற்று, அளவாக விடை சொல்பவர் சிலரே. வேலையில் நேரும் தவறுகளில் பல, சொன்னதைச் சரியாகக் கேளாமையால் வருவன என்பதைத் தொழில் நடத்துவோர் நன்கு அறிவர்.

நான்காவது, கற்றுக்கொள்ளும் மனம். "எனக்குத் தெரியாது, ஆனால் கற்றுக்கொள்வேன்" என்று சொல்வதில் இழிவு இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் மழுப்புவதே இழிவு. வேலையின் தன்மை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிற இக்காலத்தில், 'எனக்கு எல்லாம் தெரியும்' என்பவரைவிட 'இதையும் கற்பேன்' என்பவரே நீடிக்கிறார்.

ஐந்தாவது, பிறரோடு ஒத்துப்போகும் நிதானம். பல ஊர், பல மொழி, பல சமயத்தவர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கின்றனர். சினம் மூண்டபோது நாவைக் காப்பவரும், பிறர் செய்த வேலைக்குத் தாம் பெயர் தட்டிக்கொள்ளாதவரும் எங்கும் விரும்பப்படுவர். இத்தகைய பண்புகளை இன்று 'மென்திறன்கள்' என்கிறார்கள். இதன் ஆங்கிலப் பெயரை முதலில் பரவலாக்கியவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க இராணுவத்தினர்! 1972-இல் அவர்கள் இதற்கென ஒரு மாநாடே நடத்தினர். துப்பாக்கியையும் பீரங்கியையும் கையாளக் கற்பித்தால் மட்டும் போதாது, மனிதர்களை நடத்திச் செல்லும் திறனையும் கற்பிக்க வேண்டும் என்று படை நடத்துவோரே உணர்ந்திருந்தனர்.

கண்ணால் கண்ட சாட்சி

இந்தக் குணங்கள் இருந்தால் மட்டும் போதாது. இருப்பது தெரிய வேண்டும். இவ்விடத்தில் திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயமான அல்கஸஸில் வரும் நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. மத்யனுக்கு அடைக்கலம் தேடி வந்த மூஸா (அலை) அவர்கள், கிணற்றருகே ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிக் கொடுத்தார்கள். அப்பெண்களுள் ஒருவர் தம் தந்தையிடம் அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு பரிந்துரைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: ஆற்றல், நம்பகம். அவர் இதை வெறும் ஊகத்தால் சொல்லவில்லை. கிணற்றடியில் கண்டதை வைத்துச் சொன்னார். கேளாமலே செய்த ஒரு சிறு உதவி, வேலைக்குரிய சாட்சியமாக அமைந்துவிட்டது.

இன்றைய நேர்முகத் தேர்விலும் தேடப்படுவது இத்தகைய கிணற்றடிச் சாட்சியமே. "நான் பொறுப்பானவன், கடின உழைப்பாளி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் அனுபவமுள்ள தேர்வாளர், "பொறுப்போடு நீங்கள் முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். எல்லோரிடமும் ஒரே வரிசையில் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல், மனம்போன போக்கில் உரையாடுவதைவிட நன்றாகத் தகுதியைக் காட்டுகிறது என்று ஆய்வுகள் நிறுவியுள்ளன. ஆகவே இத்தகைய கேள்விகள் இனியும் பெருகும்.

"என் பிள்ளைக்கு முன்னனுபவம் ஏது?" என்று கேட்கிறீர்களா? ரமலான் மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள் அல்லவா? அசருக்குப் பின் தூக்குவாளிகளோடு வரிசை நிற்கும். சிறுவர்கள் முந்துவார்கள்; முதியவர்கள் சலித்துக்கொள்வார்கள்; மஃரிபுக்குள் அனைவருக்கும் ஊற்றி முடித்தாக வேண்டும். முப்பது நாளும் அந்த வரிசையை ஒழுங்குபடுத்திக் கஞ்சி வழங்கிய இளைஞன், காலந்தவறாமை, பொறுமை, கூட்டுப்பணி, நெருக்கடியில் நிதானம் ஆகிய அனைத்தையும் பழகியிருக்கிறான். ஆனால் நேர்முகத் தேர்வில் அதைச் சொல்ல அவனுக்குத் தோன்றுவதில்லை. அது 'அனுபவம்' என்று அவனிடம் எவரும் சொன்னதில்லை!

இப்படியே, வெளிநாட்டிலிருந்து அத்தா அனுப்பும் பணத்திற்கு மாதந்தோறும் கணக்கு எழுதி, மின்கட்டணம், பள்ளிக்கட்டணம், சீட்டுப்பணம் என்று பிரித்து வைக்கும் மகள், நிதிப்பொறுப்பை ஏற்றிருக்கிறாள். அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருபவள், விளங்காதவர்க்கு விளங்கவைக்கும் கலையைப் பயின்றிருக்கிறாள். விடுமுறையில் மாமாவின் கடையில் நின்ற பையன், கோபத்தோடு வந்த வாடிக்கையாளரை முகங்கோணாமல் அனுப்பியிருக்கிறான். இவற்றைச் சொல்லும் முறை எளிது. நிலைமை என்ன, தான் செய்தது என்ன, முடிவு என்னவாயிற்று என்று மூன்று நான்கு வாக்கியங்களில் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். பெருக்கிச் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

ஒரு கசப்பான உண்மை

வாசகர்களுள் சிலர் இந்நேரம் மனத்துக்குள் ஒரு மறுப்பைச் சொல்லியிருப்பீர்கள். 'குணமும் தகுதியும் இருந்தும், பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்களே!' என்பதே அது. இந்த மறுப்பை மூடி மறைப்பது நேர்மையாகாது.

சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகிய ஆய்வாளர்கள் இந்தியத் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, சமமான தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். உயர்சாதி இந்துப் பெயருள்ளவரோடு ஒப்பிடும்போது, முஸ்லிம் பெயருள்ளவர் அழைக்கப்படும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. தலித் பெயருள்ளவர்க்கு மூன்றில் இரண்டு பங்கு. 2022-இல் லெட்பை அறக்கட்டளை இதேபோல் 1,000 வேலை அறிவிப்புகளுக்கு ஒரு முஸ்லிம் பெண் பெயரிலும் ஒரு இந்துப் பெண் பெயரிலும் விண்ணப்பித்துப் பார்த்தது. இந்துப் பெயருக்கு 208 இடங்களிலிருந்து சாதகமான மறுமொழி வந்தது. முஸ்லிம் பெயருக்கு வந்தவை 103.

இது அநீதி. இதை அநீதி என்று அதன் பெயராலேயே அழைக்க வேண்டும். இந்த எண்களிலிருந்து நாம் உணர வேண்டியவை மூன்று.

ஒன்று, வேலை கிடைக்காத பிள்ளையை "உன்னிடம் ஏதோ குறை" என்று குத்திப் பேசாதீர்கள். மறுப்புக் கடிதம் நடத்தைச் சான்றிதழ் அன்று. மற்றவர் ஐந்து இடங்களில் முயன்றால் நம் பிள்ளை பத்து இடங்களில் முயல வேண்டியிருக்கலாம். அந்தப் பத்தாவது முயற்சிவரை அவன் உள்ளம் உடையாமல் காப்பது வீட்டாரின் கடமை.

இரண்டு, பெயரைவிட மதிப்பெண் பேசும் வாயில்களையும் நாடச் செய்யுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வில் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீட்டு விதிகளுமே அங்கே தீர்மானிக்கின்றன.

மூன்று, நம்மிடையே உள்ள முதலாளிகளுக்கு ஒரு சொல். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிற்கூடங்கள் முதல் சிறு நகரத்துத் துணிக்கடை வரை ஆள் எடுக்கும் நிலையில் இருப்போர் நம்முள்ளும் பலர். தகுதியுள்ள அயலாரைத் தள்ளிவிட்டுத் தங்கை மகனை நாற்காலியில் அமர்த்தும்போது, நாமும் பெயரைப் பார்த்தே ஆள் எடுக்கிறோம் அல்லவா? "பெண் பிள்ளை, நாளை மணமாகிப் போய்விடுவாள்" என்று ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கும்போதும் அதே அநீதியைத்தானே செய்கிறோம்? நமக்கு மறுக்கப்பட்ட நீதியை நாம் பிறர்க்கு மறுக்கலாகாது. வருவோர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒரே தராசில் நிறுங்கள்.

வீடே முதற் பயிற்சிக்கூடம்

இக்குணங்கள் பிறவியில் வருபவையா, வளர்க்கக்கூடியவையா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்னும் ஊரில் 1962 முதல் 1967 வரை ஒரு சோதனை நடந்தது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் மூன்று நான்கு வயதில் சிறப்புப் பாலர் பள்ளி நடத்தினர். அங்கே நாள்தோறும் குழந்தை தான் செய்யப்போவதைத் தானே திட்டமிடும், செய்யும், பிறகு எப்படிச் செய்தோம் என்று பிறரோடு பேசிப் பார்க்கும். நுண்ணறிவுத் தேர்வில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. எல்லாம் வீணாயிற்று என்றே தோன்றியது. ஆனால் அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது விசாரித்தால், அப்பள்ளியில் பயின்றவர்களுள் நூற்றுக்கு 76 பேர் வேலையில் இருந்தனர். மற்றப் பிரிவினருள் 62 பேர். மதிப்பெண்ணில் தங்காத ஏதோ ஒன்று, குணத்தில் தங்கிவிட்டது என்று நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் போன்றோர் அதை விளக்குகின்றனர்.

திட்டமிடு, செய், செய்ததைத் திரும்பிப் பார். இதைச் செய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே செய்யலாம். விருந்தாளிகள் வரும் நாளில் கடைச்சாமான் பட்டியலைப் பன்னிரண்டு வயது மகனிடம் எழுதச் சொல்லுங்கள். அவனே சென்று வாங்கி, மீதிப் பணத்தைக் கணக்கோடு ஒப்படைக்கட்டும். ஒன்றை மறந்துவிட்டால் ஏசாதீர்கள், "அடுத்த முறை மறவாதிருக்க என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். மகளை அடுக்களையோடு நிறுத்தாமல் வங்கிக்கும் அனுப்புங்கள். படிவத்தை அவளே நிரப்பட்டும். அதிகாரியிடம் அவளே பேசட்டும். பிள்ளை செய்ய வேண்டிய பள்ளிச் செய்முறைப் பணியைக் கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்காதீர்கள். அவன் கையால் செய்தது கோணலாக இருந்தாலும் அதுவே அவனுக்குச் சொந்தமான சாட்சியம்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். கடன்காரர் வந்தால் "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையைச் சொல்லவைத்துவிட்டு, அவன் அமானத்தைக் காப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. சொன்ன நேரத்தில் நாம் கிளம்பினால் அவனும் கிளம்புவான். அவன் பேசும்போது நாம் காது கொடுத்தால் அவனும் பிறர்க்குக் காது கொடுப்பான்.

இம்மாதமே ஒன்று செய்யுங்கள். ஓர் ஓய்வு நாளில் வேலை தேடும் வயதிலுள்ள உங்கள் பிள்ளையோடு ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அமருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அவர் பொறுப்பேற்று முடித்தவற்றைச் சிறிதாயினும் ஒவ்வொன்றாக எழுதச் செய்யுங்கள்: பெரியம்மாவின் மருத்துவமனை நாட்கள், அண்ணன் திருமணப் பந்தல் வேலை, கல்லூரி விழா, கஞ்சி வரிசை. அவர் மறந்ததை நீங்கள் நினைவூட்டுங்கள். இருபது ஆண்டுகளாகக் கண்டுவரும் சாட்சி நீங்கள்தாமே! பட்டியல் நீண்டால் அதுவே நேர்முகத் தேர்வுக்குரிய ஆயத்தம். பட்டியல் குறுகியிருந்தாலும் கவலை வேண்டாம். நாளைக் காலையில் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்து, முடியும்வரை குறுக்கிடாமல் இருங்கள். அது முடிந்ததும் குறிப்பேட்டில் முதல் வரியை எழுதிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.